இரண்டு மருந்து, ஒரே குப்பி: பைப்பரசிலின்–டாசோபாக்டம் ஊசியைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி?

கடுமையான நோய்த்தொற்றோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களின் மருந்து ரசீதுகளில் அடிக்கடி தென்படும் பெயர் ஒன்று உண்டு: பைப்பரசிலின்–டாசோபாக்டம் 4.5 கிராம். செவிலியர்கள் சுருக்கமாக 'பிப்டாஸ்' என்பார்கள். மருத்துவமனையில் பிடித்த நிமோனியா, குடலில் ஓட்டை விழுந்து வயிற்றுக்குள் பரவிய சீழ், ரத்தத்தில் கலந்துவிட்ட சிறுநீர்த் தொற்று, சர்க்கரை நோயாளியின் அழுகத் தொடங்கிய கால், கீமோதெரபிக்குப் பிறகு வெள்ளணுக்கள் சரிந்த நேரத்தில் வரும் காய்ச்சல் என்று பல அவசரங்களில் மருத்துவர்கள் முதலில் கைநீட்டும் மருந்து இது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதற்கு இடமுண்டு. அதே நிறுவனம் ஆன்டிபயாட்டிக் மருந்துகளை வகைப்படுத்தியபோது, கண்காணித்துக் கொடுக்க வேண்டியவை என்ற பிரிவில் இதை வைத்தது. உயிர் காக்கும் மருந்து, ஆனால் கைபோன போக்கில் கொடுக்கக் கூடாத மருந்து என்பதுதான் இந்த இரண்டுக்கும் சேர்த்துப் பொருள்.

நோயாளியின் உறவினர்களிடம் பேசினால், "இரண்டு ஆன்டிபயாட்டிக் சேர்ந்தது, அதனால் இரு மடங்கு பலம்" என்ற எண்ணம் பரவலாக இருப்பது தெரியும். சில சிறு கிளினிக்குகளிலும் அந்த எண்ணம் உண்டு. இந்த மருந்து தவறாகக் கையாளப்படுவதற்கு அதுவே ஆணிவேர் என்று நான் கருதுகிறேன். 4.5 கிராம் குப்பியில் 4 கிராம் பைப்பரசிலின், அரை கிராம் டாசோபாக்டம் இருக்கின்றன. கிருமியைக் கொல்வது பைப்பரசிலின் மட்டுமே. டாசோபாக்டத்தைத் தனியாகக் கொடுத்தால் பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு ஒன்றும் ஆகாது. அதன் வேலை வேறு. அந்த வேலை எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்று தெரிந்தால், பாதுகாப்பு விதிகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

பென்சிலின் குடும்பத்து மருந்துகளின் உயிர்நாடி, நான்கு அணுக்களாலான ஒரு சிறு வளையம். பீட்டா-லாக்டம் வளையம் என்று அதற்குப் பெயர். பாக்டீரியா தன் செல் சுவரைப் பின்னுவதற்குப் பயன்படுத்தும் புரதங்களை இந்த வளையம் கெட்டியாகப் பற்றிக்கொள்கிறது. சுவர் பின்ன முடியாத பாக்டீரியா உள்ளழுத்தம் தாங்காமல் வெடித்துச் சாகிறது. பாக்டீரியாவின் பதிலடி, அந்த வளையத்தையே உடைக்கும் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதி. ஆக்ஸ்போர்டில் எட்வர்ட் ஆபிரகாமும் எர்ன்ஸ்ட் செயினும் 1940 டிசம்பரிலேயே இப்படியொரு நொதி இருப்பதை அறிவித்துவிட்டார்கள். அவர்களுடைய குழு நோய்த்தொற்றுக்காக முதல் நோயாளிக்குப் பென்சிலின் ஊசி போட்டது அதற்குப் பிறகு, 1941 பிப்ரவரியில். மருந்து களத்துக்கு வருவதற்கு முன்பே அதை முறியடிக்கும் ஆயுதம் கிருமியின் கையில் இருந்தது.

டாசோபாக்டம் இந்த நொதியைக் குறிவைக்கிறது. தூண்டில் முள்ளில் கோத்த இரையை மீன் விழுங்குவதைப் போல, நொதி டாசோபாக்டத்தைக் கவ்வி உடைக்கப் போய், அதிலேயே மாட்டிக்கொண்டு செயலிழக்கிறது. அந்த இடைவெளியில் பைப்பரசிலின் தன் வேலையை முடிக்கிறது. 1970களில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண்வாழ் பாக்டீரியாவிலிருந்து கிடைத்த கிளாவுலானிக் அமிலம் இவ்வகையில் முன்னோடி. அமாக்சிசிலினோடு அது சேர்ந்த மாத்திரை இன்று எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது. சல்பாக்டம், டாசோபாக்டம் ஆகியவை அடுத்து வந்தன. பைப்பரசிலின்–டாசோபாக்டத்துக்கு அமெரிக்காவில் 1993இல் அனுமதி கிடைத்தது. பைப்பரசிலினுக்கு இன்னொரு தனிச் சிறப்பும் உண்டு. மருத்துவமனைகளில் பெருந்தொல்லை தரும் சூடோமோனாஸ் கிருமியை அது தாக்கும். சாதாரண அமாக்சிசிலினால் அது முடியாது.

துணை கைவிடும் இடங்கள்

பாக்டீரியாக்களிடம் இருப்பது ஒரே வகை நொதியன்று. நூற்றுக்கணக்கான வகைகள் அறியப்பட்டிருக்கின்றன. டாசோபாக்டம் சிலவற்றை நன்றாக முடக்கும், சிலவற்றை அரைகுறையாக முடக்கும், சிலவற்றைத் தொடக்கூட முடியாது.

அரைகுறை என்பதற்குச் சரியான எடுத்துக்காட்டு ஈஎஸ்பிஎல் எனப்படும் விரிந்த வீச்சுள்ள நொதிகள். இவற்றைச் சுரக்கும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா ஆகியவை இந்திய மருத்துவமனைகளில் மிகச் சாதாரணம். ஆய்வக முடிவில் 'பைப்பரசிலின்–டாசோபாக்டத்துக்குக் கட்டுப்படும்' என்றுகூட வரும். ஆனாலும் நம்பலாமா என்ற கேள்விக்கு விடை தேடிய மெரினோ என்ற ஆய்வு 2018இல் வெளியானது. செஃப்ட்ரையாக்ஸோன் என்ற பரவலான ஆன்டிபயாட்டிக்குக் கட்டுப்படாத ஈ.கோலை அல்லது கிளெப்சியெல்லா ரத்தத்தில் கலந்த நோயாளிகளில் ஒரு பாதியினருக்குப் பைப்பரசிலின்–டாசோபாக்டமும் மறு பாதியினருக்கு அதைவிட வலிமையான மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தார்கள். முப்பது நாட்களுக்குள் இறந்தவர்கள் முதல் குழுவில் 12.3 விழுக்காடு, இரண்டாம் குழுவில் 3.7 விழுக்காடு. கிருமிகளின் எதிர்ப்பைச் சோதித்த முறை குறித்துப் பின்னர் விவாதம் எழுந்தது. மறுசோதனையில் இடைவெளி சுருங்கவும் செய்தது. இருந்தும், ரத்தத்தில் ஈஎஸ்பிஎல் கிருமி இருப்பது உறுதியானால் இந்த மருந்தை நம்பி இருக்கக் கூடாது என்பதே இன்றைய வழிகாட்டுதல். என்டரோபேக்டர் போன்ற கிருமிகள் சுரக்கும் வேறொரு வகை நொதியிடமும் டாசோபாக்டம் வலுவிழந்தே நிற்கிறது.

தொடவே முடியாத வகைக்கு என்டிஎம்-1 போதும். துத்தநாக அணுவைக் கொண்டு இயங்கும் இந்த நொதிக்கு டாசோபாக்டம் ஒரு பொருட்டே இல்லை. இதன் கதையில் சென்னைக்கு நேரடிப் பங்கு உண்டு. இந்த நொதி பரவியிருப்பதை உலகுக்கு உரைத்த 2010ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த கார்த்திகேயன் குமாரசாமி. ஆராயப்பட்ட கிருமிகளில் ஒரு பகுதி சென்னை நோயாளிகளிடமிருந்து எடுக்கப்பட்டது. என்டிஎம் என்பதில் உள்ள 'என்டி' நியூ டெல்லியைக் குறிக்கிறது. நொதியின் பெயரில் தலைநகரின் பெயர் ஏன் என்று அப்போது பெரிய சர்ச்சை கிளம்பியது. பெயரைப் பற்றிய கோபத்தில் ஒரு பங்காவது கிருமியின் மீது திரும்பியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு. 2012இல் சென்னையில் கூடிய மருத்துவச் சங்கங்கள் வெளியிட்ட 'சென்னைப் பிரகடனம்' அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது. ஆன்டிபயாட்டிக் விற்பனையைக் கட்டுப்படுத்த அது நடைமுறைக்கு ஏற்ற ஒரு வழியைக் காட்டியது.

எம்ஆர்எஸ்ஏ என்ற ஸ்டஃபைலோகாக்கஸ் வகையின் தந்திரம் இன்னொன்று. அது மருந்து பற்ற வேண்டிய புரதத்தின் வடிவத்தையே மாற்றிவைத்திருக்கிறது. நொதியை முடக்குவதால் அங்கே பயன் ஏதும் இல்லை. மூளைக்காய்ச்சலுக்கும் இந்த மருந்து ஏற்றதன்று. டாசோபாக்டம் மூளைத் தண்டுவடத் திரவத்துக்குள் போதிய அளவில் நுழைவதில்லை. டெங்கு, ஃப்ளூ போன்ற வைரஸ் காய்ச்சல்களில் இதற்கு வேலையே இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சொல்ல வேண்டிய நிலைமைதான் இருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் பெரிய மருத்துவமனைகளிலிருந்து திரட்டும் தரவுகளின்படி, பைப்பரசிலின்–டாசோபாக்டத்துக்குக் கட்டுப்பட்ட ஈ.கோலை 2017இல் ஏறத்தாழ 57 விழுக்காடு. 2023இல் அது 42 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஆறே ஆண்டுகளில் ஏற்பட்ட சரிவு இது. ஊசியைப் போடுவதற்கு முன் ரத்தம், சிறுநீர், சளி, சீழ் ஆகியவற்றில் பொருத்தமானதைக் கல்ச்சர் பரிசோதனைக்கு (கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்ப்பது) எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான். முதல் டோஸ் உள்ளே போன பிறகு எடுத்த மாதிரியில் கிருமி வளராமல் போகலாம். அதன்பின் சிகிச்சை முழுவதும் இருட்டில் கை துழாவுவதாகிவிடும். ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்குப் போராடும் செப்சிஸ் நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் போய்ச் சேர வேண்டும் என்பதும் உண்மை. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணல்ல. ரத்த மாதிரி எடுக்கச் சில நிமிடங்கள் போதும்.

செஃப்ட்ரையாக்ஸோன்–சல்பாக்டம் என்ற இன்னொரு கூட்டு ஊசியையும் இங்கே குறிப்பிட வேண்டும். டைஃபாய்டு காய்ச்சலுக்குச் செஃப்ட்ரையாக்ஸோன் நல்ல மருந்து. இந்தியாவில் டைஃபாய்டு கிருமிகளில் பெரும்பாலானவை அதற்கு இன்னும் கட்டுப்படுகின்றன. அப்படியிருக்க, சல்பாக்டம் சேர்த்த குப்பியை வாங்குவதால் நோயாளிக்குக் கிடைப்பது கூடுதல் செலவுதான். தனி மருந்து போதுமான இடத்தில் கூட்டு மருந்து தேவையில்லை. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள, மருந்து விற்பனை விதிகளின் எச்1 அட்டவணையின்படி செஃப்ட்ரையாக்ஸோன், மெரோபெனம் போன்றவற்றை விற்கும் கடைக்காரர், மருத்துவர் பெயர், நோயாளி பெயர், விற்ற அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மருந்துச் சீட்டு இல்லாமல் இவற்றைக் கேட்பதும் கொடுப்பதும் இரு தரப்புக்குமே தவறு.

ஊசி ஏறுவதற்கு முன்: ஒவ்வாமை

பைப்பரசிலின் பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: முன்பு பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின் போன்றவற்றால் என்ன நேர்ந்தது? 'அலர்ஜி உண்டா' என்று மட்டும் கேட்டால் சரியான விடை வராது. வயிற்றுப்போக்கு வந்ததையும் பலர் அலர்ஜி என்பார்கள். மருந்து போட்ட சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல், மயக்கம் வந்ததா? சில நாட்கள் கழித்துத் தோல் உரிந்ததா, வாயில் புண் வந்ததா? அல்லது லேசான அரிப்பு மட்டுமா? எத்தனை ஆண்டுகளுக்கு முன்? ஒவ்வொரு விடைக்கும் மருத்துவர் எடுக்கும் முடிவு வேறு. முதல் இரண்டில் எது நேர்ந்திருந்தாலும் இந்த ஊசி வேண்டாம்.

மறுபக்கமும் இருக்கிறது. தமக்குப் பென்சிலின் ஒவ்வாமை இருப்பதாகச் சொல்பவர்களை முறையாகப் பரிசோதித்தால், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உண்மையில் ஒவ்வாமை இருப்பதில்லை. பொய்யான ஒவ்வாமைக் குறிப்பு தீங்கில்லாதது என்று நினைக்கக் கூடாது. அதை நம்பி மருத்துவர் வேறு மருந்துக்குப் போக வேண்டியிருக்கும், அது வலிமை குறைந்ததாகவோ பக்கவிளைவு மிகுந்ததாகவோ இருக்கக்கூடும். கேஸ் ஷீட்டில் 'பென்சிலின் அலர்ஜி' என்று மொட்டையாக எழுதாமல், என்ன மருந்து, என்ன நடந்தது, எப்போது என்று எழுதிவைக்க வேண்டும்.

நம் மருத்துவமனைகளில் வழக்கமாகிவிட்ட 'டெஸ்ட் டோஸ்' பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். ஆன்டிபயாட்டிக்கை நீர்த்துக் கையில் ஒரு சிறு குமிழாகப் போட்டு, சற்று நேரம் பார்த்து, சிவக்கவில்லை என்றால் முழு மருந்தையும் ஏற்றுவது இந்த முறை. ஒவ்வாமை வல்லுநர்கள் செய்யும் தோல் பரிசோதனை இதுவன்று. அதற்கெனத் தயாரித்த பென்சிலின் சிதைவுப் பொருட்களும், அளந்து நிர்ணயித்த செறிவும், ஒப்பீட்டுக்கான குமிழ்களும் அதற்கு வேண்டும். வார்டில் கண்ணளவில் நீர்த்த மருந்து தோலை வெறுமனே எரிச்சலூட்டிச் சிவக்க வைக்கலாம். உண்மையான ஒவ்வாமை இருந்தும் சிவக்காமல் போகலாம். குமிழ் அமைதியாக இருந்தது என்ற நம்பிக்கையில் முழு மருந்தையும் ஏற்றிவிட்டு எல்லோரும் கலைந்து போவதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து. உண்மையான பாதுகாப்பு மூன்று விஷயங்களில் இருக்கிறது: விரிவாகக் கேட்டறிந்த ஒவ்வாமை வரலாறு, முதல் டோஸ் ஏறும்போது அருகில் ஆள், கைக்கெட்டும் இடத்தில் அட்ரினலின்.

அனாஃபிலாக்சிஸ் என்ற உயிராபத்தான ஒவ்வாமை வந்தால் டிரிப்பை உடனே நிறுத்திவிட்டு, பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம் அட்ரினலினைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். சரியாகாவிட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடியும் போடலாம். அவில் என்ற ஒவ்வாமை ஊசியும் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பது ஆபத்தான பழக்கம். அரிப்பைத் தணிப்பதில் அவற்றுக்குப் பங்கு இருக்கலாம். அடைத்துக்கொண்டிருக்கும் மூச்சுக்குழாயையும் சரிந்துகொண்டிருக்கும் ரத்த அழுத்தத்தையும் மீட்பது அட்ரினலின்தான். அட்ரினலினும் ஆக்சிஜனும் இல்லாத இடத்தில் இந்த ஊசியை ஏற்றக் கூடாது. 'வீட்டுக்கே வந்து ஊசி போடுகிறோம்' என்று யாராவது சொன்னால், முதல் டோஸ் மருத்துவமனையில்தான் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

கலப்பதும் ஏற்றுவதும்

குப்பியில் இருப்பது வெண்ணிறத் தூள். 4.5 கிராம் குப்பிக்கு 20 மி.லி. மலட்டு நீரோ நார்மல் சலைனோ சேர்த்து, முழுதும் கரையும் வரை சுழற்ற வேண்டும். பிறகு அதை 50 முதல் 150 மி.லி. வரையுள்ள சலைன் அல்லது 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலில் சேர்த்து, குறைந்தது அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். துகள் மிதந்தாலோ நிறம் மாறியிருந்தாலோ அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. சிரிஞ்சில் எடுத்து ஒரே மூச்சில் நரம்பில் தள்ளும் பழக்கம் சில இடங்களில் உண்டு. இந்த மருந்துக்கு வகுக்கப்பட்ட முறை அதுவன்று.

வேறு மருந்தோடு ஒரே பாட்டிலில் கலப்பது பெரிய தவறு. முக்கியமாக ஜென்டமைசின், அமிகாசின் போன்ற அமினோகிளைக்கோசைடுகள். கடுமையான தொற்றில் இவை இரண்டையும் ஒரே நோயாளிக்கு எழுதுவதுண்டு. ஆனால் ஒரே பாட்டிலில் சேர்ந்தால் பைப்பரசிலின் அமினோகிளைக்கோசைடைச் செயலிழக்கச் செய்துவிடும். கண்ணுக்கு எதுவும் தெரியாது, கலங்கலும் இருக்காது. ஒன்று முடிந்ததும் குழாயைச் சலைனால் கழுவிவிட்டு அடுத்ததை ஏற்ற வேண்டும். செஃப்ட்ரையாக்ஸோன் விஷயத்தில் எச்சரிக்கை இன்னும் கடுமை. கால்சியம் உள்ள திரவங்களோடு சேர்ந்தால் அது படிகமாக உறையும். பச்சிளங்குழந்தைகளின் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் அப்படி உறைந்து உயிரிழப்பு நேர்ந்திருக்கிறது. நாம் தினமும் பார்க்கும் ரிங்கர் லாக்டேட் பாட்டிலில் கால்சியம் இருக்கிறது.

பைப்பரசிலின் உடலிலிருந்து விரைவாக வெளியேறும். ரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. ஆறு அல்லது எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பது அதனால்தான். கிருமியைக் கொல்லத் தேவையான அளவுக்கு மேல் மருந்து எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் இவ்வகை மருந்துகளில் பலனைத் தீர்மானிக்கிறது. ஒரே நேரத்தில் அதிகம் கொடுப்பதால் பலன் கூடிவிடாது. பல ஐசியூக்களில் ஒரு டோஸை நான்கு மணி நேரம் மெல்ல ஓடவிடுவதும், நாள் முழுவதும் தொடர்ந்து ஓடவிடுவதும் இந்தக் கணக்கில்தான். தொடர்ச்சியாகக் கொடுப்பதை ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஐசியூ நோயாளிகளிடம் சோதித்த பிளிங்-3 ஆய்வு 2024இல் வெளியானது. தொடர்ச்சியாகப் பெற்றவர்களிடையே தொண்ணூறு நாட்களில் இறப்பு 24.9 விழுக்காடு. விட்டுவிட்டுக் கொடுத்தவர்களிடையே 26.8 விழுக்காடு. புள்ளியியல் அளவில் உறுதியான வேறுபாடு என்று சொல்ல முடியாது, ஆனால் திசை தெரிகிறது.

ஐசியூ வசதி இல்லாத இடங்களுக்கும் இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. அவசரப் பிரிவில் முதல் டோஸைப் போட எல்லோரும் ஓடுகிறார்கள். பிறகு நோயாளியை ஸ்கேனுக்கு எடுத்துப் போகிறார்கள், வார்டு மாற்றுகிறார்கள், செவிலியர் ஷிப்டு மாறுகிறது. இரண்டாம் டோஸ் பல மணி நேரம் பிந்திவிடுகிறது. விரைவாக வெளியேறும் மருந்தில் அந்தத் தாமதம், கிருமி மீண்டும் பெருகுவதற்கான அவகாசம். கூட இருக்கும் உறவினர்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம், அடுத்த டோஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, நேரம் ஆனால் பணிவாக நினைவூட்டுவது.

சோடியம் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. ஒரு 4.5 கிராம் குப்பியில் 200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. அதை 100 மி.லி. சலைனில் கரைத்தால், சலைனிலிருந்து இன்னும் 350 மில்லிகிராம் போல் சேரும். நாளைக்கு நான்கு முறை என்றால் இரண்டு கிராமைத் தாண்டிவிடுகிறது. ஒரு பெரியவர் நாள் முழுவதற்கும் உணவில் எடுத்துக்கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பே இரண்டு கிராம்தான். இதயம் பலவீனமானவருக்கு உப்பில்லாக் கஞ்சியைக் கொடுத்துவிட்டு, டிரிப் வழியாக ஒரு நாள் உப்பை முழுவதுமாக ஏற்றிக்கொண்டிருப்போம். இவர்களுக்கு டெக்ஸ்ட்ரோஸில் கலக்கலாமா என்று மருத்துவர் யோசிப்பார். சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால் அங்கும் கணக்குப் பார்க்க வேண்டும்.

சிகிச்சையின்போது கவனிக்க வேண்டியவை

மருந்தில் பெரும்பகுதி சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவான கிரியாட்டினின் உயர்ந்திருந்தால் டோஸைக் குறைக்க வேண்டும் அல்லது இடைவெளியைக் கூட்ட வேண்டும். குறைக்காமல் விட்டால் மருந்து தேங்கிக் குழப்பமும் சில சமயம் வலிப்பும் வரும். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு, டயாலிசிஸே மருந்தில் ஒரு பங்கை வெளியேற்றிவிடும் என்பதால் நேரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். குழந்தைகளுக்கு உடல் எடையைக் கொண்டு கணக்கிடுவார்கள். செப்சிஸின் முதல் நாளில் உயர்ந்து நிற்கும் கிரியாட்டினின், திரவம் ஏற்றியதும் பலருக்கு இறங்கிவிடும். ஆகவே முதல் நாள் குறைத்த டோஸை மறுநாள் பழையபடி கூட்ட மறந்துவிடக் கூடாது. குறைந்த டோஸும் பாதுகாப்பின்மைதான்.

எம்ஆர்எஸ்ஏ சந்தேகம் இருக்கும்போது அதைத் தாக்கும் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைச் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். இந்த இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகப் பாதிப்பு கூடுகிறது என்று பல ஆய்வுகள் சொல்லின. சிறுநீரகம் கெடாமலே கிரியாட்டினின் வெளியேற்றம் மட்டும் தடைபட்டு எண் உயர்ந்து காட்டுகிறது என்று வேறு சிலர் வாதிட்டார்கள். 2023இல் வெளியான ஏகார்ன் ஆய்வில் செஃபிபைம் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்கோடு ஒப்பிட்டபோது பைப்பரசிலின்–டாசோபாக்டம் கூடுதல் சிறுநீரகப் பாதிப்பு ஏற்படுத்தியதாகத் தெரியவில்லை. செஃபிபைம் பெற்றவர்களுக்குத்தான் மூளைக் குழப்பம் சற்று அதிகம். அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. இரண்டும் சேர்ந்து ஓடும் நாட்களில் கிரியாட்டினினைத் தினமும் பார்ப்பதும், கல்ச்சரில் எம்ஆர்எஸ்ஏ இல்லை என்றானதும் வான்கோமைசினை நிறுத்துவதும் நல்லது. மூட்டுவாதத்துக்கும் புற்றுநோய்க்கும் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பைப்பரசிலின் அதன் வெளியேற்றத்தைத் தடுத்து நச்சளவுக்கு உயர்த்தும்.

பொட்டாசியம் குறையலாம். பத்து நாட்களைத் தாண்டி ஓடினால் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் குறையக்கூடும் என்பதால் ரத்த எண்ணிக்கையை அவ்வப்போது பார்க்க வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால், அதுவும் காய்ச்சலும் வயிற்றுவலியும் சேர்ந்து வந்தால், குடலின் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசிலே குடியேறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஊசி நிறுத்திச் சில வாரங்கள் கழித்தும் இது வரலாம்.

இன்னொரு பொறி இருக்கிறது. நோயாளி தேறிவருகிறார், சாப்பிடுகிறார், நடக்கிறார். இரண்டாவது வாரத்தில் மறுபடி காய்ச்சல். தொற்று அடங்கவில்லை என்று கருதி இன்னும் வலிமையான ஆன்டிபயாட்டிக்குக்குத் தாவுகிறார்கள். சில நேரம் அந்தக் காய்ச்சலுக்குக் காரணமே பைப்பரசிலின்தான். மருந்தை நிறுத்திய ஓரிரு நாட்களில் அது இறங்கிவிடும். காய்ச்சல் இருந்தும் நோயாளி தெளிவாக இருக்கிறார், தோலில் தடிப்பு தெரிகிறது என்றால் மருத்துவர் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

எப்போது நிறுத்துவது? தொடங்கிய 48 முதல் 72 மணி நேரத்துக்குள் கல்ச்சர் முடிவு வந்துவிடும். எளிய மருந்துக்கே கட்டுப்படும் கிருமி என்று தெரிந்தால் அதற்கு மாறிவிட வேண்டும். நோயாளி வாய்வழி சாப்பிடுகிறார், நிலை சீராக இருக்கிறது என்றால் பல தொற்றுகளில் மாத்திரைக்கு மாறலாம். இப்படி 'இறக்குவதை' உறவினர்கள் சிகிச்சையைக் குறைப்பதாக எண்ணி எதிர்ப்பதுண்டு. அது தேவையற்ற பயம். குறிபார்த்துக் கொல்லும் எளிய மருந்து, பரந்து கொல்லும் மருந்தைவிட நோயாளிக்கு நல்லது. ரத்தத் தொற்றில் ஏழு நாளா பதினான்கு நாளா என்று ஏழு நாடுகளில் 3,600க்கும் மேற்பட்டோரிடம் சோதித்த பேலன்ஸ் ஆய்வு 2024இல் விடை சொன்னது: ஏழு நாள் கொடுத்தவர்களில் இறப்பு 14.5 விழுக்காடு, பதினான்கு நாள் கொடுத்தவர்களில் 16.1 விழுக்காடு. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் தொற்றும், எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றிய நோயாளிகளும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. வயிற்றுச் சீழை அறுவைச் சிகிச்சையால் முறையாக வெளியேற்றிவிட்டால் நான்கு நாள் மருந்து போதும் என்று 2015இல் ஸ்டாப்-இட் ஆய்வு காட்டியது. சீழை வெளியேற்றாமல் ஊசியை மட்டும் நீட்டிக்கொண்டே போவதால் பயன் குறைவு. கட்டிக்குள் கிருமிகள் அவ்வளவு நெருக்கமாக இருக்கும். அவை சுரக்கும் நொதிக்கு அரை கிராம் டாசோபாக்டம் ஈடுகொடுக்காது.

அந்த அரை கிராமின் போதாமைக்கு ஒரு பதில் சென்னையிலிருந்தே வந்திருக்கிறது. டாசோபாக்டம் மூலக்கூறில் ஒரு மீத்தைல் தொகுதியைச் சேர்த்து உருவாக்கிய என்மெட்டாசோபாக்டம், சென்னையின் ஆர்க்கிட் நிறுவனத்தில் பிறந்தது. செஃபிபைமோடு சேர்ந்த இந்தக் கூட்டு ஊசிக்கு 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. சிக்கலான சிறுநீர்த் தொற்றில் பைப்பரசிலின்–டாசோபாக்டத்தோடு நேருக்கு நேர் ஒப்பிட்டபோது, சிகிச்சை முழு வெற்றி பெற்றவர்கள் புதியதில் 79.1 விழுக்காடு, பழையதில் 58.9 விழுக்காடு. ஈஎஸ்பிஎல் கிருமிகளுக்கு மெரோபெனமை எடுக்காமல் சமாளிக்க இது ஒரு வழி. என்டிஎம் நொதியை இதுவும் முடக்காது. இதிலும் சிறுநீரகத்துக்கேற்ப டோஸ், ஒவ்வாமை வரலாறு, முன்கூட்டியே கல்ச்சர் எல்லாம் அப்படியே பொருந்தும். செஃபிபைம் தேங்கினால் வரும் மூளைக் குழப்பத்தைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இந்தியாவிலும் விற்பனைக்கு வந்துவிட்ட இந்த மருந்து, கல்ச்சர் ஆய்வகம் இல்லாத கிளினிக்குகளின் சாதாரணக் காய்ச்சல் ஊசியாக மாறாமல் பார்த்துக்கொள்வது மருத்துவர்கள், மருந்துக் கடைக்காரர்கள், நோயாளிகள் ஆகிய மூவரின் கையிலும் இருக்கிறது.